மிச்ச நூல் நட்சத்திரமும் அதன் கூலியும்

 

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட குரோஷா நட்சத்திரப் படத்துக்கு இத்தனை பேர் வந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. "செய்முறை போடுங்க டீச்சர்" என்று பாதிப் பேர். "உங்க கண்ணு இன்னும் நல்லா தெரியுதா பெரியம்மா?" என்று மீதிப் பேர். (தெரிகிறது, கண்ணாடி போட்டால்.) "இந்த வேலை முதல்ல எந்த ஊர்ல ஆரம்பிச்சது?" என்று ஒரே ஒருத்திதான் கேட்டாள். முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தியவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும். செய்முறை கடைசியில் இருக்கிறது. அது மட்டும் வேண்டியவர்கள் நேராகக் கீழே போகலாம், அட்டென்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் மரத்தில் இன்று தொங்குகிற கண்ணாடி உருண்டை, பிளாஸ்டிக் மணி, ஜிகினா மாலை, சீரியல் பல்பு எல்லாம் பெரும்பாலும் இயந்திரம் துப்பியவை. குரோஷா நட்சத்திரம் அப்படி வர முடியாது. முப்பது ரூபாய்க்குக் கடையில் தொங்கினாலும் சரி, கப்பலில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, அதை ஒரு ஆள் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்க வேண்டும். குரோஷா பின்னும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றுவரை கிடையாது.

திருப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இதன் காரணம் உடனே புரியும். பனியன் துணியும் பின்னல்தான். ஆனால் அதில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஆளுக்கொரு ஊசியில் தயாராக நிற்கின்றன. ஊசிகளை வரிசையாக ஏற்றி இறக்கினால் அடுத்த வரிசை வந்துவிடும், இயந்திரத்துக்கு அது வசதி. 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டம் ஒன்றைச் செய்துவிட்டார். எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தரவில்லை. கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகள் பிச்சைக்குப் போய்விடுவார்கள் என்று ராணி சொன்னதாகக் கதை. லேஸ் வலைக்கும் 1809இல் ஜான் ஹீத்கோட் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816இல் லஃபரோ ஊரில் அவருடைய ஆலைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள், லுடைட்டுகள். இந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்.

குரோஷாவில் ஊசியில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அடுத்து ஊசி எங்கே நுழையும் என்பது பின்னுகிறவளின் தீர்மானம். முன் வரிசைக்குள் நுழையலாம், நடு வளையத்துக்குள் போகலாம், பக்கவாட்டில் திரும்பலாம், பின்னியதன்மேலேயே ஏறலாம். ஒவ்வொரு முறையும் பின்னலில் ஓர் இடத்தைத் தேடி, துளைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி, வெளியே இழுக்க வேண்டும். விரல் இதை யோசிக்காமல் செய்யும், இயந்திரத்துக்கு இது மகா தொந்தரவு. கடையில் 'குரோஷா டாப்' என்று மீட்டர் கணக்கில் ஓடுகிற துணியில் வெட்டித் தைத்து வருவது வேறு வகை இயந்திரப் பின்னல். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அவ்வளவுதான்.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்வி.

ஊசி பெயர் பிரெஞ்சு. குரோஷே என்றால் சின்னக் கொக்கி. நம் ஊரில் வாய்க்கு வந்தபடி குரோஷா ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கொக்கி வேலையின் வேரைத் தேடினால் நாம் நன்றாக அறிந்த ஒரு இடத்துக்கு வந்து நிற்போம்: ஆரி. இப்போது கல்யாண ஜாக்கெட் என்றாலே ஆரி ஒர்க்தான், தெருவுக்கு இரண்டு பேர் வகுப்பு நடத்துகிறார்கள். துணியைச் சட்டத்தில் முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுவார்கள். மேலே இருந்து கொக்கி ஊசி இறங்கும், கீழே பிடித்திருக்கும் நூலைக் கவ்வி மேலே இழுக்கும், ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாகச் சங்கிலி ஓடும். குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சிகள் தோலில் பழகிய கொக்கி ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்து இதில் பெரிய பெயர் வாங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் சங்கிலித் தையல் திரைகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின.

18ஆம் நூற்றாண்டில் அதே வேலை பிரெஞ்சுச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகிவிட்டது. அவர்கள் வைத்த பெயர் 'டாம்பூர்', அதாவது முரசு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் தெ பொம்பதூரின் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. திருவே என்பவர் 1763-64இல் வரைந்தது. பூப்போட்ட பட்டு உடுப்பு, பக்கத்தில் நாய், கைக்கடியில் டாம்பூர் சட்டம். இணையத்தில் தேடிப் பாருங்கள். நம் தெரு ஆரி அக்காவின் முன்னால் இருக்கிற அதே அமைப்புதான், சட்டம் கொஞ்சம் அலங்காரமானது.

பிறகு யாரோ துணியை எடுத்துவிட்டார்கள். துணி இல்லாமல் காற்றிலேயே சங்கிலி பின்னி, சங்கிலிக்குள் சங்கிலி மாட்டினால் பின்னலே துணியாகும் என்று கண்டுகொண்டார்கள். பல ஆய்வாளர்கள் குரோஷா பிறந்த வழி இது என்கிறார்கள். 'காற்றில் குரோஷே' என்றே பிரெஞ்சில் ஒரு பெயரும் இருந்தது. 1820களின் தொடக்கத்தில் 'பெனலோப்பே' என்ற டச்சுப் பத்திரிகையில் அச்சிட்ட மாதிரிகள் வந்துவிட்டன. ஆக, பாட்டி காலத்து வேலை, பழங்கால வேலை என்று நாம் நினைக்கிற குரோஷாவுக்கு அச்சில் வயது சுமார் இருநூறு. எகிப்து, பைபிள் காலம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அங்கே கிடைத்த பழைய காலுறைகள் வேறு வகைப் பின்னல்.

மரத்தின் கதை சுருக்கமாக. ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் 1605இல் ஒரு பயணி வீட்டுக்குள் வைத்த மரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதில் தொங்கியவை ஆப்பிள், காகித ரோஜா, மெல்லிய அப்பம், மிட்டாய். தின்கிற அலங்காரம். இங்கிலாந்துக்கு ஜெர்மன் இளவரசியான சார்லட் ராணி 1800இல் வின்ஸரில் மரம் வைத்தார். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது 1848இல், விக்டோரியா ராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை ஒரு லண்டன் பத்திரிகை போட்ட பிறகுதான். இரண்டு வருஷம் கழித்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ராணியின் மகுடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் எடுத்துவிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பம்போல அதே படத்தை அச்சிட்டது. போட்டோஷாப் வேலை அப்போதே இருந்திருக்கிறது!

கண்ணாடி உருண்டைகள் ஜெர்மனியின் லௌஷா கிராமத்திலிருந்து வந்தன. அதுவும் வீட்டுத் தொழில்தான். அப்பா ஊதுவார், அம்மாவும் பிள்ளைகளும் வெள்ளிப் பூச்சும் சாயமும் பூசுவார்கள். பெண்கள் பெரிய கூடையை முதுகில் கட்டிக்கொண்டு ஸோனபர்க் சந்தைக்கு நடந்து போவார்கள். 1939இல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி நிறுவனம் பல்பு செய்கிற இயந்திரத்திலேயே மர உருண்டைகளையும் செய்யத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் வந்தன. கண்ணாடி ஊதிய குடும்பத்துக்கு வந்த அந்தப் போட்டி, குரோஷா பின்னுகிறவளுக்கு வரவே இல்லை. அப்படியானால் அவள் பணக்காரி ஆகியிருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இப்போது அயர்லாந்து போகிறோம்.

அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் பாடப்புத்தகத்தில் வந்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும். 1845இல் ஒரு பயிர் நோய் வந்து உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகியது. ஏழைக் குடியானவனுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. தானியமும் கால்நடையும் அதே அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தன. (நம் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்தில் நடந்ததும் இதேதான்.) 1841 கணக்கெடுப்பில் 82 லட்சத்துக்கு நெருங்கி இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சம் சொச்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள்.

அந்தச் சமயத்தில் கார்க் நகருக்குப் பக்கத்தில் பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியாஸ்திரிகள் பெண்பிள்ளைகளுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார்கள். 1847இல் மொனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசான்ட்ரா ஹேண்ட், கில்டேர் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியையை வரவழைத்துப் பயிற்சி தொடங்கினார். ஏன் குரோஷா? பழைய வெனீஸ் லேஸ் போன்ற ஊசி லேஸ் செய்ய வருஷக்கணக்கில் பழக வேண்டும். தலையணை லேஸுக்குத் திண்டும் டஜன் கணக்கில் கட்டைகளும் வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கி, ஒரு நூற்கண்டு. கொக்கி வாங்கக் காசில்லாத வீட்டில் உடைந்த ஊசியை வளைத்துக் கார்க்கில் செருகிக்கொண்டார்கள். வெனீஸ் லேஸின் தோற்றத்தை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள், இதுதான் நம் நட்சத்திரத்தின் நேர் மூதாதை. முழுத் துணியாகப் பின்னவில்லை. ரோஜா ஒன்று, மூவிலை ஒன்று, திராட்சைக் குலை ஒன்று என்று உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுகளாகத் தனித்தனியே பின்னினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பூ, அதை அடுத்த வீட்டுக்குக் காட்ட மாட்டார்கள் என்று சொல்வார்கள். துண்டுகளைச் சேர்த்து வலைபோட்டு இணைப்பது இன்னொருத்தி. விற்பது வேறு ஆள். புகை பிடித்த கூரை வீடுகளில் வெள்ளை நூல் வெள்ளையாக இருக்குமா? கருத்துப்போன துண்டுகளைத் துவைத்து வெளுத்த பிறகுதான் லண்டனுக்கும் பாரிஸுக்கும் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் இந்தக் காசில் பஞ்சத்தைத் தாண்டின. வாடகை கட்டினார்கள், சிலர் அமெரிக்கக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார்கள். அந்த உதவியை நான் சின்னதாகப் பேசவில்லை. செத்துப்போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

லண்டனில் அப்போது எலனோர் ரீகோ தெ லா பிராங்கார்டியேர் என்ற பெண்மணி குரோஷா மாதிரிப் புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஐரிஷ். ஐரிஷ் குரோஷாவைக் கண்டுபிடித்தது தானே என்றும் சொல்லிக்கொண்டார். அவர் பெயர் நூலகங்களில் இருக்கிறது. குளோன்ஸில் கருத்த கூரைக்குக் கீழே ரோஜா பின்னியவளின் பெயர் எங்கேயும் இல்லை. விக்டோரியா ராணியும் குரோஷா பின்னுவார். 1900இல், எண்பது வயதில், போயர் போரில் வீரம் காட்டிய சிப்பாய்களுக்கென்று எட்டுக் கழுத்துத்துணிகளைத் தம் கையாலேயே பின்னி, தம் எழுத்துகளைப் பொறித்து அனுப்பினார். அவற்றில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஊசி ஒன்றுதான், கண்ணியும் ஒன்றுதான். ராணியின் எட்டும் பொக்கிஷம், குளோன்ஸ் பெண்ணுடையது டஜன் இவ்வளவு என்று விலை.

டஜன் விலை எப்படி இறங்கிக்கொண்டே போனது என்று பாருங்கள். வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், முதலீடு இல்லை. இந்த மூன்று நல்ல குணங்களும் சேர்ந்துதான் கூலியை அழுத்தின. ஒரு வீடு குறைந்த விலைக்கு மாட்டேன் என்றால் அடுத்த வீடு சம்மதிக்கும். அந்தந்த வீட்டுக்காரிகள் ஒருவரையொருவர் சந்திப்பது இல்லை, ஏஜென்ட் மட்டும் எல்லோரையும் சந்திப்பான். 1880களில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனிப் பக்கம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தால் ஒரு துணிமேல் எம்பிராய்டரி போட்டு, அடித்துணியை ரசாயனத்தில் கரைத்துவிட்டால் மிஞ்சுவது பார்க்க ஐரிஷ் லேஸ்போலவே இருக்கும். அது குரோஷா இல்லை, ஆனால் வாங்குகிறவளுக்கு அது தெரியவா போகிறது? முதல் உலகப் போருக்குப் பிறகு பாஷனும் மாறியது, அந்தத் தொழில் படுத்துவிட்டது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். குமரிக்காரர்களுக்கு லேஸ் புதிதல்ல. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்கள் பள்ளியில் 1820களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அது குரோஷா இல்லை, திண்டில் குண்டூசி குத்திக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுகிற தலையணை லேஸ். அவருடைய மகள் எலைசா, நம் கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும், அந்த ஊரின் லேஸைத் தொடங்கியவரைக் கேட்டால் யோசிப்பீர்கள். 1897இல் பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார். அங்கேயும் ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கைவேலைதான் சோறு போட்டது.

நாகர்கோவில் லேஸில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு ஒன்று. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 பிரகடனம் வரை இருந்தது. லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் எழுதுகின்றன. சட்டம் வருவதற்கு முன்பே. வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும். கூலி கையில் நேராக வந்தால் அது எதை வாங்க முடியும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை.

குரோஷாவுக்கு இந்தியாவில் தலைநகரம் என்றால் கோதாவரி டெல்டாவில் இருக்கிற நரசாப்பூர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக வந்த வேலை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செய்கிற ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மேசை விரிப்பு, தலையணை உறை ஓரம், மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம், பனித்துளி எல்லாம் அங்கிருந்து போகின்றன. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியல் அறிஞர் 1970களின் கடைசியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982இல் 'நரசாப்பூரின் லேஸ் பின்னுபவர்கள்' என்று புத்தகம் போட்டார். நான் பி.எட். முடித்த காலத்தில் ஒரு நூலகத்தில் எடுத்து வாசித்தது. இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் புத்தகம் காட்டுகிற படம் இது. சமையல், தண்ணீர், பிள்ளை, மாடு எல்லாம் பார்த்துவிட்டு அந்தப் பெண்கள் நாளுக்கு ஆறேழு மணி நேரம் பின்னினார்கள். இருந்தும் கணக்கில் அவர்கள் தொழிலாளிகள் இல்லை. 'வீட்டம்மாக்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்று வியாபாரி சொன்னார், வீட்டுக்காரர் சொன்னார், கொஞ்ச நாளில் அந்தப் பெண்களே சொன்னார்கள். வெயிலில் இறங்காமல் வீட்டுக்குள் இருப்பது கௌரவம். ஆனால் வெயிலில் நாற்று நட்ட தலித் பெண் வாங்கிய கூலி, கௌரவமாக உட்கார்ந்து பின்னியவளின் கூலியைவிட அதிகம்! இங்கேயும் பூ ஒருத்தி, ஓரம் ஒருத்தி, இணைப்பது ஒருத்தி. பெரிய வியாபாரம் ஆண்கள் கையில். குளோன்ஸுக்கும் நரசாப்பூருக்கும் நடுவில் நூறு வருஷமும் ஏழு கடலும் இருக்கின்றன, அமைப்பு மட்டும் ஊசிக் கொக்கிபோல அப்படியே இருக்கிறது.

நான் மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? இயந்திரம் தோற்ற இடத்தில் பெண்ணின் நேரத்தை இலவசமாக எண்ணினார்கள். இயந்திரத்தைவிட அது மலிவாகிவிட்டது.

இதை எல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. படம் போட்ட அன்றைக்கே என் பழைய மாணவி ஒருத்தி தனியாக மெசேஜ் அனுப்பினாள். வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாதம். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் நன்றாகக் குரோஷா போடுவார்கள். ஆன்லைனில் விற்கிற ஒருவர் டிசம்பருக்கு 500 நட்சத்திரம் கேட்டிருக்கிறாராம், ஒன்றுக்கு 15 ரூபாய், நூல் இவர்களே வாங்க வேண்டும். "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துலதானே டீச்சர், எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்த 'சும்மா இருக்கிற நேரம்' என்ற வார்த்தைகளைப் பார்த்ததும் எனக்கு நரசாப்பூர் ஞாபகம் வந்துவிட்டது.

அவளிடம் கடிகாரம் வைத்துப் பின்னச் சொன்னேன். அவர் அனுப்பிய மாதிரி மெல்லிய நூலில் நாலு சுற்று வருவது. அவளுக்கு 35 நிமிடம் ஆகிறது, எனக்கு 50. எட்டு மணி நேரம் எழும்பாமல் உட்கார்ந்தால் அவளால் 13 நட்சத்திரம் முடியும், 195 ரூபாய். நூலும் கஞ்சியும் அதில் கழிய வேண்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போனால் இதைவிடக் கூடுதல் கிடைக்கும். 500 நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 290 மணி நேரம். நாலு பேரும் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்பது முழு நாள், எட்டு மணி நேரக் கணக்கில்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு மாதம் சம்பளம் வராத வீட்டுக்கு அறிவுரை எழுதுவது எளிது. சொன்னது இவ்வளவுதான்: நாலு பேரும் முதலில் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரே விலை பேசுங்கள், தனித்தனியாகப் போன் எடுக்காதீர்கள். நூல் அவர் தரட்டும், அல்லது நூல் விலை தனி. பாதி முன்பணம். விலையை நட்சத்திரக் கணக்கில் கேட்டால் நிமிடக் கணக்கில் பதில் சொல்லுங்கள். 40 ரூபாய்க்குக் குறைந்து இறங்காதீர்கள், இறங்கத்தான் வேண்டும் என்றால் சுற்றைக் குறைத்துச் சின்ன நட்சத்திரமாகக் கொடுங்கள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் இரண்டு பேர் (ஒருவன் கோவையில், ஒருத்தி துபாயில்) இதைக் கேள்விப்பட்டு, தங்கள் அலுவலகத்துக்கு என்று 60 சின்ன நட்சத்திரம் நேராக அவளிடமே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் யாருக்காவது வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், எண்ணைத் தனியாகத் தருகிறேன். பேரம் பேசுகிறவர்கள் எழுத வேண்டாம்.

சரி, செய்முறை. இது என் மிச்ச நூல் நட்சத்திரம், சின்னது, பழகியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. மிச்ச நூல் இல்லாத வீடு கிடையாது. என் மைனி வீட்டில் நீல பிஸ்கட் டின்னைத் திறந்தால் பிஸ்கட் இருந்த சரித்திரமே இல்லை, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய உல்லன் நூல்தான் இருக்கும். நாலைந்து மீட்டர் இருந்தால் தாராளம். தையல் பெயர்களை அமெரிக்க வழக்கத்தில் சொல்கிறேன், பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு படி மாறும்.

நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி வளையம் போடுங்கள். மூன்று சங்கிலி ஏற்றுங்கள், அது முதல் டபுள் குரோஷாவின் கணக்கு. அதே வளையத்துக்குள் இன்னும் ஒன்பது டபுள் போட்டால் மொத்தம் பத்து. நூல் வாலை இழுத்து நடு ஓட்டையை இறுக்கி, ஸ்லிப் தையலால் சுற்றை மூடுங்கள். இனி முனைகள். நாலு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஒரு சிங்கிள், அடுத்ததில் ஒரு ஹாஃப் டபுள், அதற்கடுத்ததில் ஒரு டபுள். கீழே ஒரு தையலை விட்டுவிட்டு அதற்கடுத்த தையலில் ஸ்லிப் தையல் போட்டு நிறுத்துங்கள். ஒரு முனை ஆயிற்று. இப்படி ஐந்து முனை. கடைசியில் பன்னிரண்டு சங்கிலி போட்டுத் தொங்கவிடக் கொக்கி செய்துகொண்டு, நூல் வால்களை ஊசியில் கோர்த்துப் பின்பக்கம் மறைத்துவிடுங்கள்.

பருத்தி நூலாக இருந்தால் விறைப்பாக நிற்கக் கஞ்சி போட வேண்டும். அரிசிக் கஞ்சித் தெளிவே போதும், ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் நன்றாக விறைக்கும். பழைய புத்தகங்களில் சர்க்கரைப் பாகில் முக்கச் சொல்வார்கள். நம் ஊரில் அதைச் செய்தால் மறுநாள் காலை நட்சத்திரத்தை எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும். பிளாஸ்டிக் தாள்மேல் ஐந்து முனைகளையும் குண்டூசியால் இழுத்துக் குத்தி நிழலில் காயவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசி வேண்டாம், கறை போகாது. சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் ஒரே கஞ்சியில் முக்காதீர்கள், சாயம் ஏறும். உல்லன் நூலுக்குக் கஞ்சி பிடிக்காது, அது கொழகொழவென்று இருந்தாலும் மரத்தில் அழகாகத்தான் தொங்கும்.

செய்து பார்க்கிறவர்கள் எத்தனை நிமிடம் ஆனது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். நாலு பேரும் விலை பேசப் போகும்போது அந்தக் கணக்கு உதவும். மூன்றாவது நட்சத்திரத்தின் நேரத்தை எழுதுங்கள். முதலாவதற்கு எல்லோருக்கும் ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.